சகாராவின் எல் பட்டைப் படத்தில் கருந்தடம்: புதைந்த ஆறு என்று எப்போது சொல்லலாம்?

#1 பாலைத்தடம்

வணக்கம். எகிப்தின் தென்மேற்கு மூலையில், சூடான் எல்லையை ஒட்டிக் கிடக்கும் செலிமா மணற்பரப்பை பால்சாரின் (ஜப்பானியச் செயற்கைக்கோளிலுள்ள, 23.5 செ.மீ. அலைநீள எல் பட்டை ரேடார்) 25 மீட்டர் மொசைக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் ஒரே மஞ்சள் மணல், மேடுபள்ளம்கூடத் தெரியவில்லை. ரேடார் படத்தில் அதே இடத்தில் மரக்கிளைபோலப் பிரிந்து போகும் கருந்தடங்கள். 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்த எஸ்ஐஆர்-ஏ ரேடார் கண்ட "ரேடார் ஆறுகள்" இந்த வட்டாரம்தான் என்பது தெரியும்.

கேட்க விரும்புவது: கருப்பாக இருப்பதால் அங்கே ஈரம் உண்டா? எத்தனை மீட்டர் ஆழத்தைப் பார்க்கிறோம்? வளைந்து போகும் கருங்கோட்டையெல்லாம் ஆறு என்று குறித்துக்கொண்டே போகலாமா?

#2 நுண்ணலை

ஈரம் இல்லை. வெள்ளப் படங்களில் கருப்பு என்றால் தண்ணீர் என்று பார்த்துப் பழகியதால் வரும் குழப்பம் இது. சாய்வாகப் பார்க்கும் ரேடாருக்கு வழவழப்பான எந்தப் பரப்பும் கருப்புதான். கண்ணாடியில் பட்டதுபோல அலை எதிர்ப்பக்கம் போய்விடும், நம்மிடம் திரும்பாது. செலிமாவில் மேல்மணல் எல் பட்டைக்கு ஏறக்குறையத் திறந்த கதவு. அடியிலுள்ள பாறை கரடுமுரடாக இருந்தால் வெளுப்பு. நுண்மணலும் வண்டலும் நிரம்பிய பள்ளமாக இருந்தால் கருப்பு. உண்மையில் ஈரம் இருந்தால் நடப்பதே வேறு: மேல்மணல் சற்று நனைந்தாலும் அலை உள்ளே இறங்காது, அடியிலிருப்பது படத்திலிருந்தே மறைந்துவிடும்.

ஆழத்தை நீங்களே கணக்கிடலாம். ஊடுருவல் ஆழம் = அலைநீளம் × விடுதிறனின் (மின்காப்பு மாறிலியின்) வர்க்கமூலம் ÷ (2π × விடுதிறனின் இழப்புப் பகுதி). உலர் மணலுக்கு விடுதிறன் 3, இழப்புப் பகுதி 0.03 என்று வையுங்கள். அலைநீளம் 23.5 செ.மீ. (எல்) என்றால் 2.2 மீட்டர். 5.55 செ.மீ. (சி, அதாவது ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1) என்றால் 51 செ.மீ. 3.1 செ.மீ. (எக்ஸ்) என்றால் 28 செ.மீ. இழப்புப் பகுதி 0.01-ஆகக் குறைந்தால் எல்லாம் மூன்று மடங்காகும். ஆக, ஆழத்தை முடிவுசெய்வதில் ரேடாருக்கு இருக்கும் பங்கைவிட மண்ணின் வறட்சிக்கு இருக்கும் பங்கு பெரிது. உப்புப் படிந்த சப்கா நிலத்திலும் களிமண்ணிலும் இதே ரேடார் குருடு.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த ஆழம் ஆற்றல் ஒருவழியில் 37 சதவீதமாகக் குறையும் ஆழம். போய்த் திரும்புவது இருவழி. அந்த ஆழத்திலிருந்து வருவது 8.7 டெசிபெல் இழந்துதான் வரும். கோட்பாட்டில் 6 மீட்டர் என்று வந்தாலும் படத்தில் பயன்படுவது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மீட்டர்.

#3 கல்லும்மணலும்

கருங்கோட்டையெல்லாம் ஆறு என்று குறிப்பது தவறு. அதைவிடப் பெரிய தவறு வெளுப்பான கோட்டை ஆறு இல்லை என்று ஒதுக்குவது. ஆற்றுப் படுகையில் கூழாங்கல் நிரம்பியிருந்தாலோ, வண்டலுக்குள் சுண்ணாம்புக் கணுக்கள் உருண்டு கிடந்தாலோ, அவை அலையை நன்றாகச் சிதறடிக்கும்; தடம் வெளுப்பாகத் தெரியும். கிழக்குச் சகாராவில் இரண்டு வகையும் உண்டு. ஒரே ஆறு மேல்பகுதியில் வெளுப்பாகவும் கீழ்ப்பகுதியில் கருப்பாகவும் மாறுவதும் உண்டு.

எஸ்ஐஆர்-ஏ படங்கள் வந்ததும் மெக்காலேயும் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மற்றவர்களும் நேரில் போய்க் குழி தோண்டிப் பார்த்த பிறகே 1982-இல் ஆறுகள் என்று வெளியிட்டார்கள். தோண்டிய இடத்தில் மண் அடுக்கும், கரைகளில் பழங்கற்காலக் கருவிகளும் கிடைத்தன. குழி தோண்டியதால்தான் அது கண்டுபிடிப்பாக நின்றது.

உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. அதே தடம் ரேடார் இல்லாத, சாதாரணப் படம் எடுக்கும் சென்டினல்-2 படத்தில், அகச்சிவப்புப் பட்டைகளில்கூட, தெரியக் கூடாது. தெரிந்தால் அது மேற்பரப்பு விஷயம். சென்டினல்-1 படத்தில் மங்க வேண்டும் அல்லது மறைய வேண்டும். தடம் நெடுக உயரம் ஒரே திசையில் இறங்க வேண்டும். உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் (விண்ணோட ரேடார் அளந்த உயரத் தரவு) எடுத்தால் கவனம் தேவை. அதுவும் சி பட்டை ரேடார்தான். மணற்பரப்பிலிருந்து சிக்னல் திரும்பாததால் சகாராவில் பல இடங்களில் ஓட்டை விழுந்து, பின்னால் நிரப்பப்பட்டது. பள்ளத்தின் ஆழமே சில மீட்டர், இரைச்சலும் சில மீட்டர். ஒற்றை வெட்டுக்கோட்டை நம்பாமல், தடத்துக்குச் செங்குத்தாக ஐம்பது வெட்டுக்கோடுகளாவது எடுத்துச் சராசரி பாருங்கள்.

மழை பெய்த வாரங்களில் எடுத்த படமா என்றும் பார்த்துவிடுங்கள். அங்கே மழை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், ஆனாலும் ஒரு மழை போதும் அந்தப் படத்தைக் கெடுக்க.

#4 பாலைத்தடம்

நன்றி. மொசைக்கில் பிக்சல் மதிப்பு பெரிய முழு எண்ணாக வருகிறது. டெசிபெல்லாக மாற்றுவது எப்படி? எச்எச் (கிடையாக அனுப்பிக் கிடையாகப் பெற்றது), எச்வி (கிடையாக அனுப்பிச் செங்குத்தாகப் பெற்றது) இரண்டும் இருக்கின்றன, எதை நம்புவது?

#5 நுண்ணலை

பிக்சல் மதிப்பை வர்க்கப்படுத்தி, பத்தடிமான மடக்கை எடுத்து, 10-ஆல் பெருக்கி, 83-ஐக் கழியுங்கள். பூஜ்ஜியப் பிக்சல்களை முதலில் நீக்கிவிடுங்கள். புள்ளிப்புள்ளியான இரைச்சலைத் தணிக்க 5×5 சராசரி எடுப்பதாக இருந்தால் டெசிபெல்லாக மாற்றும் முன்பே, வர்க்கப்படுத்திய மதிப்பில் எடுக்க வேண்டும். டெசிபெல்லில் சராசரி எடுத்தால் இருண்ட பகுதிகள் உள்ளதைவிட இருண்டு, இல்லாத தடமெல்லாம் தெரியும்.

எச்எச், எச்வி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எச்எச்சில் கருப்பு, எச்வியில் சுற்றுப்புறத்தைவிட வெளுப்பு என்றால், புதைந்த கற்களுக்குள் அலை பலமுறை சிதறியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் ஒரே கருப்பு, எச்வியில் செயற்கைக்கோள் பாதைக்கு இணையாகப் பட்டைகள் என்றால், நீங்கள் பார்ப்பது நிலத்தை அல்ல, கருவியின் இரைச்சல் தளத்தை. செலிமாவில் அது அடிக்கடி நடக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் புதிராக இருக்கும்: மூடிய மணல் சில நேரம் அடிப்பாறையை இன்னும் நன்றாகக் காட்டும். 47 பாகையில் வரும் அலை, விடுதிறன் 3 உள்ள மணலுக்குள் நுழைந்ததும் 25 பாகையாக நிமிர்கிறது. அலைநீளமும் 23.5-லிருந்து 13.6 செ.மீ.யாகச் சுருங்குகிறது. செங்குத்தாக விழும், குட்டையான அலைக்கு அதே பாறை கூடுதல் சொரசொரப்பு. மணலில் இழப்பு மிகக் குறைவானால் இந்த லாபம் இழப்பை மீறும்.

#6 அகழ்குழி

களத்துக்குப் போகும் வாய்ப்பு இருந்தால், குழிக்கு முன் தரை ஊடுருவும் ரேடார் இழுத்துவிடுங்கள். எண்களோடு சொல்கிறேன்.

மேல் 3 மீட்டருக்கு 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா போதும். உலர் மணலில் அலைவேகம் நானோநொடிக்கு சுமார் 0.16 மீட்டர், அலைநீளம் 40 செ.மீ.; பிரித்தறியும் தடிமன் அதில் கால்பங்கு, 10 செ.மீ.தான். தரையில் 5 செ.மீ.க்கு ஒருமுறை அளக்க வேண்டும். 3 மீட்டர் போய்த் திரும்ப 37.5 நானோநொடி, மூன்றிலொரு பங்கு கூட்டி, பதிவு நேரச் சாளரம் 50 நானோநொடி வையுங்கள். 15 மீட்டர் வேண்டுமென்றால் 100 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 1.6 மீட்டர், இடைவெளி 25 செ.மீ., சாளரம் 250 நானோநொடி, ஒவ்வொரு புள்ளியிலும் 32 முறையாவது அடுக்கிச் சராசரி. மாதிரியெடுப்பு மைய அதிர்வெண்ணின் ஆறு மடங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. 100 மெகாஹெர்ட்ஸுக்கு அது 1.67 நானோநொடி. 0.8 வைத்தால் நிம்மதி.

வேகத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். ஓரத்தில் ஒரு குழி வெட்டி, அதன் சுவரில் சரியாக 1 மீட்டர் ஆழத்தில் ஓர் இரும்புக் கம்பியைக் கிடையாகச் செருகுங்கள். மேலே ரேடாரை, கம்பிக்குக் குறுக்காக இழுத்தால் கவிழ்ந்த வில்போல ஒரு வளைவு வரும். அதன் உச்சி 12.4 நானோநொடியில் வந்தால் வேகம் 2 ÷ 12.4 = 0.161, விடுதிறன் (0.3 ÷ 0.161) வர்க்கம், அதாவது 3.5 பக்கம். நேரத்தின் பூஜ்ஜியப் புள்ளியைச் சரிசெய்த பிறகே இதைப் படிக்க வேண்டும். பூஜ்ஜியம் 1 நானோநொடி தவறினால் ஆழம் 8 செ.மீ. தவறும்.

கெடுவது எங்கே? விடியலில் பனி இறங்கிய மணலில் இழுத்தால் முதல் சில நானோநொடி முழுக்கக் கலங்கல். வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். கவசமில்லாத 100 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா என்றால், நிறுத்தி வைத்த வண்டியே அழகான வளைவாக "மண்ணுக்குள்" தெரியும். அந்த வளைவுக்கு வேகம் பொருத்திப் பாருங்கள்: 0.3 வந்தால் அது காற்றில் வந்த எதிரொலி, நீக்கிவிடலாம். மணற்குன்றின் மேல் இழுத்தால் சரிவு 6 பாகையைத் தாண்டியதும் உயரத் திருத்தம் மட்டும் போதாது. உயரத்தையும் உட்கொண்ட மைக்ரேஷன் (எதிரொலிகளை அவை வந்த உண்மையான இடத்துக்கு நகர்த்தும் கணக்கு) வேண்டும். குன்றின் காற்று மறைவுப் பக்கம் 30 பாகைக்கு மேல் சாயும். அங்கே திருத்தாமல் விட்டால் அடுக்குகள் மீட்டர்கணக்கில் தள்ளிப்போகும்.

#7 செவ்வெளி

இதே தர்க்கத்தைச் செவ்வாய்க்கு நீட்டலாமா? அது சகாராவைவிட வறண்டது. ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்திலுள்ள மார்சிஸ் ரேடார் 2018-இல் தென்துருவப் பனிக்கு அடியில், 1.5 கிலோமீட்டர் ஆழத்தில், 20 கிலோமீட்டர் அகல ஏரியைக் கண்டுவிட்டது என்று படித்தேன். அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

#8 துருவப்பனி

உறுதி என்று சொல்ல முடியாது. ஏனென்று சொல்வதற்கு முன் கருவி வேறு என்பதைச் சொல்ல வேண்டும். செலிமாவைப் பார்த்தது சாய்வாகப் பார்த்துப் படம் வரையும் ரேடார். மார்சிஸும், நாசாவின் செவ்வாய்ச் சுற்றுக்கலத்திலுள்ள ஷராடும் நேர்கீழே துடிப்பை அனுப்பி, எதிரொலி எத்தனை மைக்ரோநொடி கழித்து வருகிறது என்று அளப்பவை. கிலோமீட்டர் ஆழம் போக அலைநீளம் பத்து மீட்டர் கணக்கில் வேண்டும், அதற்கேற்ற ஆன்டெனாவும் வேண்டும். ஷராட் 20 மெகாஹெர்ட்ஸ், 10 மீட்டர் ஆன்டெனா. மார்சிஸ் 1.8, 3, 4, 5 மெகாஹெர்ட்ஸ், 40 மீட்டர். வியாழனின் நிலவுகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் ஜூஸ் கலத்தின் ரைம் 9 மெகாஹெர்ட்ஸ், 16 மீட்டர். எல்லாம் அரை அலைநீளத்தை ஒட்டிய கணக்கு.

நுணுக்கத்தை முடிவுசெய்வது பட்டையகலம். ஷராடுக்கு 10 மெகாஹெர்ட்ஸ், வெற்றிடத்தில் 15 மீட்டர், பனியில் 8.5. மார்சிஸுக்கு 1 மெகாஹெர்ட்ஸ், வெற்றிடத்தில் 150 மீட்டர், பனியில் 85. துருவப் பனியின் மெல்லிய அடுக்குகளைப் படிக்க ஷராட். அடித்தளத்தைத் தொட மார்சிஸ். மார்சிஸ் அடிநிலத்தைப் பார்ப்பது இரவுப் பக்கத்தில்தான். பகலில் செவ்வாயின் அயனி மண்டலம் 3, 4 மெகாஹெர்ட்ஸ் வரை அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

புதிதாக ஷராட் தரவைத் திறப்பவர் விழும் முதல் குழி பக்கவாட்டு எதிரொலி. கலம் 300 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. பாதைக்குப் பக்கவாட்டில் 25 கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளத்தின் விளிம்பு நிற்கிறது. அங்கே போய்வரும் தூரம் ஒருவழியில் 1.04 கிலோமீட்டர் கூடுதல், எதிரொலி 6.9 மைக்ரோநொடி தாமதமாக வரும். ரேடார் படத்தில் அது நேர்கீழே, பனிக்கு அடியில் 590 மீட்டர் ஆழத்தில் ஓர் அடுக்குபோல உட்கார்ந்திருக்கும். சுத்தமாக, தொடர்ச்சியாக, நம்பும்படி. அதனால் மோலா (செவ்வாயை அளந்த லேசர் உயரமானி) உயரத் தரவிலிருந்து மேற்பரப்பு எதிரொலியை மட்டும் உருவகித்த படம் நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்தில் உடன் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே அளவில் அருகருகே வைத்து, உருவகத்திலும் இருப்பதை அழித்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் படிக்க வேண்டும். அடுத்துள்ள பாதையிலும் அது அதே இடத்தில் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பெயர் வைக்கலாம்.

அமெரிக்கக் குழு பதப்படுத்திய படங்களில் ஒரு பாதைக்கு 3600 மாதிரி, ஒவ்வொன்றும் 37.5 நானோநொடி. ஒரு மாதிரி வெற்றிடத்தில் 5.6 மீட்டர், பனியில் 3.2. இது பிரித்தறியும் திறன் அல்ல. மாதிரி இடைவெளி மட்டும். பலர் இங்கே குழம்புகிறார்கள்.

பனியா பாறையா என்பதற்கு நான் மிக மதிக்கும் சோதனை நடு அகலாங்குகளில், மலையடிவாரங்களில் படர்ந்திருக்கும் இடிபாட்டு மடிப்புகளில் நடந்தது. நேரப் படத்தில் மடிப்பின் அடித்தளம் கீழ்நோக்கித் தொய்ந்து தெரியும், ஏனென்றால் உள்ளே அலை மெதுவாகப் போகிறது. மடிப்பு சமவெளியிலிருந்து 600 மீட்டர் உயரம், அடி எதிரொலி மேற்பரப்புக்கு 7.1 மைக்ரோநொடி பின்னால் என்று வையுங்கள். வெற்றிடமானால் அது 1065 மீட்டர். 1065-ஐ 600-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 3.15. அது நீர்ப்பனியின் விடுதிறன். அந்த எண்ணைப் போட்டதும் தொய்ந்த அடித்தளம் நிமிர்ந்து இருபக்கச் சமவெளியோடும் கோடாகச் சேர்கிறது. ஹெல்லஸ் வடிநிலத்தின் கிழக்கிலும் டியூட்டரோனிலஸ் மென்சேவிலும் இப்படித்தான் மண்மூடிய பனிப்பாறைகள் என்று காட்டினார்கள். பாறையாக இருந்திருந்தால் 6-க்கு மேல் வேண்டும். கோடு சேரவே சேராது.

#9 செவ்வெளி

விளக்கம் அருமை. ஆனால் ஏரி வாதத்தில் பக்கவாட்டு எதிரொலி பிரச்சினை இல்லையே? 2012 முதல் 2015 வரை 29 பாதைகளில் அதே இடத்தில், மேற்பரப்பைவிட வலுவான எதிரொலி வந்ததே?

#10 துருவப்பனி

சரிதான். 2018-இல் ஏரி என்று அறிவித்த ஓரோசெயி குழு அந்த வேலையைக் கவனமாகவே செய்தது. கலத்தில் நடக்கும் சராசரியைத் தவிர்த்து மூலத் தரவையே இறக்கினார்கள். எதிரொலி இருக்கிறது, அடித்தளத்தில்தான் இருக்கிறது, வலுவாக இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "வலுவான எதிரொலி" என்பதிலிருந்து "நீர்" என்று தாண்டும் அடியில்தான் சிக்கல்.

ரேடார் அளப்பது இரண்டு அடுக்குகளுக்கு இடையிலான வேறுபாட்டை. நீரின் விடுதிறன் 80, வேறுபாடு பெரிது, சரி. ஆனால் குளிர்ந்த, நீரேறிய களிமண்ணும் போதுமான வேறுபாட்டைத் தரும் என்று 2021-இல் ஆய்வக அளவீடு காட்டியது. 2024-இல் வந்த கணக்கு இன்னும் எளிமையானது: மார்சிஸ் பிரித்தறிய முடியாத அளவு நெருங்கிய பனி அடுக்குகளின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடினாலே அந்த வலு வரும், நீர் தேவையில்லை. வெப்பநிலையும் இடிக்கிறது. அடியில் சுமார் 205 கெல்வின் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் குளிரில் வெறும் நீர் நிற்காது; 198 கெல்வின்வரை உறையாமல் தாங்கும் கால்சியம் பெர்குளோரேட் போன்ற செறிந்த உப்புக் கரைசல்தான் நிற்கும். அவ்வளவு செறிந்த உப்பு அந்த இடத்தில் மட்டும் ஏன் சேர்ந்தது என்பதற்கு விடை வேண்டும்.

பிறகு ஷராட். அதன் ஆன்டெனா கலத்தின் உடலால் பாதி மறைக்கப்படுகிறது. வழக்கமாக 28 பாகை வரை கலத்தைச் சாய்ப்பார்கள். 2025-இல் அந்த இடத்தின் மேல் 120 பாகை உருட்டி அளந்தபோது முதல்முறையாக அடியிலிருந்து சிக்னல் வந்தது, மிக மெல்லியதாக. திரவ நீரானால் அது பிரகாசமாக இருந்திருக்க வேண்டும். என் மதிப்பீட்டில் தராசு நீருக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது.

#11 நுண்ணலை

நிலவிலும் இதே சிக்கல் உண்டு. சந்திரயான்-2 கலத்தின் எல், எஸ் இரட்டைப் பட்டை ரேடார் துருவப் பள்ளங்களில் தேடுவது வட்டப் போலரைசேஷன் விகிதத்தை. அனுப்பிய சுழற்சியிலேயே கூடுதலாகத் திரும்பினால் விகிதம் 1-ஐத் தாண்டும். பனிக்கட்டி அப்படிச் செய்யும். புதிதாக உடைந்த கற்குவியலும் அப்படியே செய்யும். பள்ளத்தின் உள்ளே மட்டும் உயர்ந்து விளிம்பில் உயரவில்லை என்றால் பனிக்குச் சாதகம். இரண்டிலும் உயர்ந்தால் கற்கள்.

#12 பாலைத்தடம்

நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளான நிசார் தரவில் எல், எஸ் இரண்டும் இருக்கும். பால்சார் எல், நிசார் எஸ், சென்டினல்-1 சி என்று வரிசையாக வைத்து, எந்தப் பட்டையில் தடம் மறைகிறதோ அதை வைத்து மணலின் தடிமனைச் சொல்லிவிடலாமா? #2 சூத்திரப்படி 2.2 மீட்டர், 86 செ.மீ., 51 செ.மீ. என்று படிப்படியாக இறங்குகிறது.

#13 கல்லும்மணலும்

வரிசை நல்ல யோசனை. எந்த இடத்தில் குழி தோண்டலாம் என்று தேர்ந்தெடுக்க அது போதும். தடிமன் என்று எண்ணாக எழுத வேண்டாம்.

#14 நுண்ணலை

கல்லும்மணலும் சொன்னதற்குக் காரணம் இதுதான். பட்டை மாறும்போது ஆழம் மட்டும் மாறவில்லை, சொரசொரப்பின் அளவுகோலும் மாறுகிறது. ஒரு பரப்பு ரேடாருக்குக் கரடுமுரடாகத் தெரியும் எல்லை, அலைநீளம் ÷ (8 × படுகோணத்தின் கோசைன்). 40 பாகையில் எல் பட்டைக்கு 3.8 செ.மீ., எஸ் பட்டைக்கு 1.5, சி பட்டைக்கு 0.9. செலிமா மணலின் மேல் 2 செ.மீ. உயரக் காற்றலை வரிகள் இருந்தால், எல் பட்டைக்கு அது வழவழப்பு, எஸ், சி இரண்டுக்கும் கரடு. சென்டினல்-1 படத்தில் தடம் காணாமல் போனது மணல் தடிமனாக இருப்பதாலா, மேல்வரிகளின் வெளுப்பு அதை மூடிவிட்டதாலா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி: தடத்துக்கு வெளியே, மணல் நிச்சயமாகத் தடிமனாக உள்ள ஒரு திட்டில் சி பட்டையின் அளவைப் படியுங்கள். தடத்தின் மேலும் அதே டெசிபெல் வந்தால் நீங்கள் பார்ப்பது மேற்பரப்பை மட்டும். அந்த இடத்தில் சி பட்டைக்கு அடியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு டெசிபெல்லாவது நிலையாக வேறுபட்டு, வெவ்வேறு மாதங்களில் எடுத்த பத்துப் படங்களிலும் அந்த வேறுபாடு நின்றால், அடியிலிருந்து கொஞ்சம் வருகிறது என்று எடுத்துக்கொண்டு அகழ்குழி சொன்னபடி 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவோடு அங்கே போகலாம்.